ஒரு ஸ்டாப் தள்ளி இருந்த மருந்துக்கடை

அம்மை போட்ட வீட்டில் மருந்து கொடுக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த வழக்கத்தை யார் வேண்டுமானாலும் திட்டலாம், எனக்கு மட்டும் அந்த உரிமை இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. மறைமலை நகரில் வண்டி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை. வருகிற ஒவ்வொரு பாகத்தையும் கேஜ் என்ற அளவுகருவியில் வைத்துப் பார்த்து, மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் தள்ளிவிட வேண்டும். "இவன் கண்ணுக்குத் தப்பாது" என்று சூப்பர்வைசர் சொல்வார். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்தது. பீர்க்கன்கரணையில், ஏரியைப் பார்த்த தெருவில் வீடு. அம்மா, நான், சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்திலிருந்து வந்த என் மனைவி, மூன்று பேர்தான்.

கல்யாணமாகி இரண்டாவது வருஷம் அவள் இளைக்க ஆரம்பித்தாள். சாப்பாடு குறையவில்லை. என்னைவிட இரண்டு கரண்டி அதிகமாகவே சாப்பிட்டாள். நான்கூட, "சோறு எல்லாம் எங்கே போவுது?" என்று கிண்டல் செய்வேன். மார்கழிக் குளிரில் ஃபேன் போடச் சொன்னாள். கோலம் போடும்போது கோடு நெளிந்தது, கை நடுங்குகிறது என்றாள். ஒன்றுமில்லாததற்கெல்லாம் அழுதாள், கத்தினாள். கண்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன. கழுத்தின் முன்பக்கம் லேசாக மேடு தட்டியது. கண்ணு பட்டுவிட்டது என்று அம்மா மிளகாய் சுற்றிப் போட்டாள். எதிர்வீட்டு அம்மாள், புதுப்பெண் என்றால் அப்படித்தான் இருக்கும் என்றாள். ஆள் ஆளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தோம்.

கடைசியில் தாம்பரத்தில் ஒரு பெரிய டாக்டரிடம் போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, தைராய்டு அளவுக்கு மேலே வேலை செய்கிறது என்றார். தினமும் மூன்று வேளைக்கு ஒரு மாத்திரையும், படபடப்புக்கு இன்னொரு மாத்திரையும் எழுதினார். எழுதி முடித்துப் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"இதை நீங்களா நிறுத்தக் கூடாது சார். நல்லா ஆயிட்ட மாதிரி இருக்கும், அப்பவும் நிறுத்தக் கூடாது. பல் பிடுங்கினாலும், ஆபரேஷன்னாலும், பிரசவம்னாலும், பெரிய ஜுரம் வந்தாலும் இதைத்தான் முதல்ல டாக்டர்கிட்ட சொல்லணும். மாத்திரையும் நின்னு, உடம்புல வேற ஏதாவது வியாதியும் சேர்ந்துச்சுன்னா, திடீர்னு ஒரு நாள் மொத்தமும் கட்டவிழ்த்துக்கும். புயல்னே அதுக்குப் பேரு."

நான் தலையாட்டினேன். புயல் என்றதும் வானொலியில் கடலூருக்கும் நெல்லூருக்கும் இடையே என்று வாசிப்பார்களே, அதுதான் மனதில் வந்தது. வெளியே வந்ததும் மறந்துபோனேன்.

மாத்திரைகள் நன்றாகவே வேலை செய்தன. நாலைந்து மாதத்தில் கன்னம் மறுபடி தேறியது, கோலம் நேராக விழுந்தது. ஒரே ஒரு தொந்தரவு. அந்தக் கழுத்து மாத்திரை எல்லாக் கடையிலும் கிடைக்காது. தாம்பரம் பஸ் நிலையத்துக்கு எதிரில் ஒரு கடையில்தான் எப்போதும் இருக்கும். எங்கள் தொழிற்சாலை பஸ் ஜி.எஸ்.டி. ரோட்டில் மறைமலை நகரிலிருந்து வடக்கே வந்து, பெருங்களத்தூரில் நின்று, பிறகு தாம்பரம் போகும். நான் பெருங்களத்தூரில் இறங்கி வீட்டுக்கு நடந்துவிடுவேன். மாத்திரை வாங்க வேண்டிய நாளில் மட்டும் இறங்காமல் உட்கார்ந்திருந்து, தாம்பரத்தில் வாங்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் திரும்ப வேண்டும். மாதம் ஒரு தடவை, அரைமணி நேர வேலை.

அடுத்த வருஷக் கோடையில் ஒரு வியாழக்கிழமை காலை அவள் சாப்பாட்டுப் பையில் காலி மாத்திரைக் குப்பியைப் போட்டுக் கொடுத்தாள். "ஏங்க, காலையிலதான் கடைசி மாத்திரை போட்டேன். சாயங்காலம் மறக்காம வாங்கியாங்க." வெயில் மண்டையைப் பிளந்த நாள் அது. திரும்பி வரும்போது பஸ்ஸில் தூங்கிவிட்டேன். பெருங்களத்தூர் வந்ததும் பக்கத்து சீட்காரர் தட்டி எழுப்பினார், இறங்கிவிட்டேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் ஞாபகம் வந்தது.

வெள்ளிக்கிழமை ஞாபகம் இருந்தது. இருந்தும் இறங்கினேன். உடம்பெல்லாம் கசகசவென்றிருந்தது, ஒரு நாளில் என்ன ஆகிவிடப்போகிறது என்று தோன்றியது. வீட்டில் அவள் கேட்டபோது, மறந்துவிட்டேன் என்று இரண்டாவது நாளும் சொல்ல ரோஷம் இடம் கொடுக்கவில்லை. "வாங்கிட்டேன். ஃபேக்டரி லாக்கர்ல வச்சுட்டு மறந்துட்டேன். நாளைக்குக் கொண்டாறேன்" என்றேன். வாய் கூசாமல் வந்தது.

மறுநாள் சனிக்கிழமை காலை அவளுக்கு நல்ல ஜுரம். ஞாயிற்றுக்கிழமை முதுகிலும் வயிற்றிலும் நீர் கோத்த கொப்புளங்கள். அம்மா சேலையை விலக்கிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தா வந்துட்டாடா" என்றாள்.

வாசலில் வேப்பிலை கட்டியாயிற்று. தாளிக்கக் கூடாது, வறுக்கக் கூடாது. வெளியாட்கள் வரக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அவள் வெளியே போகவும் கூடாது. பாயில் வேப்பிலை பரப்பி அவளைப் படுக்க வைத்தார்கள். இளநீர், மோர், கூழ். மருந்து கிடையாது. முதல் தண்ணீர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்தார்கள்.

அன்று மத்தியானம் அவள் என்னைக் கூப்பிட்டு மெல்லக் கேட்டாள். "ஏங்க, அந்த மாத்திரை?"

"அம்மை போட்டிருக்கும்போது எப்படிம்மா? அம்மா வேணாம்னு சொல்லுவாங்க. பத்து நாள்தானே" என்றேன்.

அம்மாவை நான் கேட்கவே இல்லை. கேட்காமலே அம்மா பெயரில் ஒரு தீர்ப்பைச் சொல்லிவிட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், வாசலில் வேப்பிலையைக் கண்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. இனி பத்து நாளைக்குத் தாம்பரம் போகாததற்குக் கேள்வி இல்லை. சாமி கும்பிடாதவன் நான், அம்மா விபூதி பூச வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்பவன். அப்படிப்பட்டவனுக்கு அந்த வாரம் மாரியம்மன்தான் அடைக்கலம் கொடுத்தாள்.

திங்கள், செவ்வாய், புதன். தினமும் வேலைக்குப் போனேன். தினமும் பஸ் பெருங்களத்தூரில் நின்றது, நான் இறங்கினேன். பையில் அந்தக் காலிக் குப்பி சாப்பாட்டு டப்பாவில் இடித்து டொக் டொக்கென்று சத்தம் போட்டுக்கொண்டே வந்தது. அதை எடுத்து வெளியே வைக்கக்கூட எனக்குக் கை வரவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் அம்மா முற்றத்தில் வேப்பிலையை உருவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"டேய், அவ கழுத்து மாத்திரை இன்னா ஆச்சு? குடுக்குறியா இல்லியா?"

"அம்மை வூட்டுல எப்படிக் குடுக்கறது?"

"அது ஜுரத்து மாத்திரை இல்லியேடா. எப்பவும் துன்ற மாத்திரைதானே. சாப்பாடு மாதிரி. ஆத்தா முன்னாடி வச்சு எடுத்துக் குடுத்துட்டா ஒண்ணும் கோச்சுக்க மாட்டா. எனக்கு இன்னாவோ மனசு சரியில்ல. பொண்ணு நெஞ்சு கிடுகிடுன்னு அடிச்சுகினு கீது, ரவிக்கை மேலயே தெரியுது."

அப்போதாவது நான், மாத்திரை வாங்கவே இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆறு மணிதான் ஆகியிருந்தது. சைக்கிள் இருந்தது, கடை திறந்திருந்தது. "நீதானே அம்மை வூட்டுல மருந்து ஆகாதுன்னு சொல்லுவ. இப்ப நீயே மாத்திப் பேசினா எப்படி? பத்து நாள்ல ஒண்ணும் ஆவாது, சும்மா இரு" என்று எரிந்து விழுந்தேன். பொய் சொன்னவனுக்குக் குரல் தானாகவே உயர்ந்துவிடும்.  அம்மா உருவிய இலையை மடியில் அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

வியாழன், வெள்ளியில் கொப்புளங்கள் வாடிப் பொருக்குத் தட்டின. ஜுரம் இறங்கியிருக்க வேண்டும், ஏறியது. அவள் படுத்திருந்த பாய் வியர்வையில் ஊறிக்கிடந்தது. அக்கினி நட்சத்திரம், யாருக்குத்தான் வியர்க்கவில்லை என்றோம். வயிற்றுப்போக்கு வந்தது. இளநீர் அதிகமாகிவிட்டது என்றோம். குடித்ததெல்லாம் வாந்தியாக வந்தது, கூழ் புளித்திருக்கும் என்றோம். கை கால் உதறியது, ஜுர வேகம் என்றோம். தூக்கமே இல்லாமல் பிதற்றினாள், ஆத்தா விளையாடுகிறாள் என்றோம். புயல் ஒவ்வொரு படியாக ஏறி வந்தது. ஒவ்வொரு படிக்கும் எங்கள் வீட்டில் ஒரு பதில் தயாராக இருந்தது. அந்தப் பதில்களைச் சொன்ன மூன்று நாலு பேரில், டாக்டர் சொன்னதைக் காதால் கேட்டவன் நான் ஒருவன்தான்.

சனிக்கிழமை தொழிற்சாலை அரை நாள். இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். வெளியாட்கள் வரக் கூடாத வீட்டில் நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். என் மனைவி பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். முடி அவிழ்ந்து கிடந்தது. கண்கள் இமைக்கவே இல்லை. உடம்பு முழுக்க நடுங்க, உதடுகள் வேகவேகமாக எதையோ சொல்லிக்கொண்டிருந்தன. நடுவில் சிரித்தாள். எதிர்வீட்டு அம்மாள் மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு அவள் காலில் விழுந்து, "தாயே, என் பொண்ணுக்கு எப்பம்மா கல்யாணம் ஆவும்? ஒரு வார்த்தை சொல்லு" என்று குறி கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா மட்டும் மூலையில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

நான் உள்ளே நுழைந்ததும் அவள் பார்வை என்மேல் வந்து நின்றது. பையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"நீ மாத்திரை கொண்டாந்தியா? டேய், கொண்டாந்தியா நீ?"

அவள் என்னை ஒருநாளும் நீ என்று சொன்னவள் அல்ல. கோபத்தின் உச்சியில்கூட "ஏங்க" என்றுதான் ஆரம்பிப்பாள். எதிர்வீட்டு அம்மாள் புல்லரித்துப்போய், "பாத்தியா? புருஷனை டேய்ங்கிறா! ஆத்தாவேதான்!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மற்றவர்களும் போட்டுக்கொண்டார்கள்.  அது ஆத்தா இல்லை, என் பெண்டாட்டி. எட்டு நாளாக என்னிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறாள் என்று எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்தேன். வாட்ச்சைப் பார்த்து எண்ண முயன்றேன். எண்ண முடியவில்லை. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளியே இல்லாமல், அதுவும் தாறுமாறாக ஓடியது. தோல் அடுப்பில் வைத்த தோசைக்கல்லாகச் சுட்டது. பெரிதாகத் திறந்திருந்த கண்களின் வெள்ளையில் மஞ்சள் ஏறியிருந்தது. அது செம்பில் இருந்த மஞ்சள் அல்ல. மொத்தமும் கட்டவிழ்த்துக்கும் என்று டாக்டர் சொன்னது அப்போதுதான், ஒரு வருஷம் கழித்து, என் காதில் விழுந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போவணும்" என்றேன்.

"தண்ணி ஊத்தாம வெளிய தூக்கினு போனா குடும்பத்துக்கே ஆகாது" என்றாள் எதிர்வீட்டு அம்மாள். நான் அம்மாவைப் பார்த்தேன். ஒருநாள் விரதம் தவறினால்கூட ஒருவாரம் புலம்புகிறவள் அவள்.

அம்மா, "போய் ஆட்டோ புடிச்சுகினு வாடா" என்றாள்.

ஆட்டோ வந்தது. வாசல் வேப்பிலையைப் பார்த்ததும் டிரைவர் பிரேக்கை அழுத்தினார். "ஐய, அம்மை வூடா? சொல்லவே இல்லியே சார். நம்ம வூட்ல ரெண்டு கொயந்தைங்க கீது. வேற வண்டி பாரு."

நான் ஏதோ கெஞ்ச ஆரம்பித்தேன். அதற்குள் அம்மா வந்து வாசலில் கட்டியிருந்த வேப்பிலைக் கொத்தைப் பிய்த்து எடுத்தாள். தண்ணீர் ஊற்றும் முன் அதைத் தொடக் கூடாது. பிய்த்து அதை ஆட்டோவின் கைப்பிடியில் சொருகினாள். "யப்பா, ஆத்தாவே உன் வண்டில முன்னாடி குந்திகினு வர்றா. உன் புள்ளைங்களுக்கு ஒரு குறையும் வராது. வந்தா என் தலைமேல வரட்டும். எடு வண்டிய." டிரைவர் அம்மாவையே ஒரு கணம் பார்த்தார். பிறகு இறங்கிப் பின்சீட்டைத் துடைத்தார். அம்மாவும் நானுமாகத் தூக்கி ஏற்றினோம். அவள் எடையே இல்லாமல் இருந்தாள்.

பெருங்களத்தூர் தாண்டி, நான் எட்டு நாளாகப் போகாத அந்த ஒரு ஸ்டாப் தூரத்தை ஆட்டோ ஐந்தே நிமிஷத்தில் கடந்தது. பஸ் நிலையத்துக்கு எதிரில் மருந்துக்கடை திறந்திருந்தது. கண்ணாடி அலமாரி வெயிலில் பளபளத்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர். அம்மை என்பதால் தனி அறைக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஜுரம் நூற்றைந்து. நாடி நூற்று எழுபதுக்கு மேல். அவர் அம்மைப் பொருக்குகளைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தார். விரலால் அவள் கழுத்தைத் தடவினார், கண்களைப் பார்த்தார், நீட்டிப் பிடித்த கையின் நடுக்கத்தைப் பார்த்தார். சட்டென்று திரும்பினார்.

"இவங்க தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடறாங்களா?"

"ஆமா டாக்டர்."

"என்ன மாத்திரை?"

நான் பையில் கைவிட்டுக் குப்பியை எடுத்துக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் பக்கத்தில் அம்மா நிற்பது உறைத்தது. அம்மா அந்தக் காலிக் குப்பியைப் பார்த்தாள். அது வந்த பையைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"எப்ப நிறுத்தினீங்க?"

"ஒம்போது நாள் ஆவுது."

"யார் நிறுத்தச் சொன்னது?"

கதவருகில் நர்ஸ் நின்றிருந்தாள். மறுநாள் தண்ணீர் ஊற்றுவதற்காக ஊரிலிருந்து வந்து, தெருவில் விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்த என் மாமியார் அப்போதுதான் உள்ளே நுழைந்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அம்மை போட்டிருந்தது டாக்டர். வீட்டுல பெரியவங்க... மருந்து கூடாதுன்னு..." என்றேன். சொல்லிக்கொண்டே அம்மா பக்கம் பார்த்தேன். கை நீட்டிக் காட்டவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

டாக்டர் அம்மாவைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, உங்க சாமி மாத்திரை சாப்பிட வேணாம்னு வந்து சொல்லிச்சா? இது வெறும் அம்மை ஜுரம் இல்ல. தைராய்டு புயல். ஹார்ட், மூளை, லிவர் எல்லாத்தையும் ஒரே நேரத்துல அடிக்குது. இந்த நிலைமையில வர்றவங்க நிறைய பேரு திரும்பிப் போறதில்ல. புரியுதா? அந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் காரணம்."

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "ஆமாம்மா. எம்மேலதான் தப்பு. எப்படியாச்சும் காப்பாத்திக் குடும்மா" என்றாள்.

அதன்பின் இரண்டு நாள் அந்த அறைக்கு வெளியே பெஞ்சில் கிடந்தேன். மூக்கு வழியாகக் குழாய் போட்டு மாத்திரைகளைப் பொடித்துக் கரைத்து விட்டார்கள். ஒரு மணி நேரம் காத்திருந்து பழுப்பு நிறத்தில் அயோடின் சொட்டுகள். ஊசிகள். உடம்பெல்லாம் ஐஸ் தண்ணீரில் நனைத்த துணி. ஆஸ்பிரின் மட்டும் யாரும் கொடுத்துவிடக் கூடாது, இந்த வியாதியில் அது ஆகாது என்று டாக்டர் நர்ஸிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். முதல் நாள் அவருக்கே நம்பிக்கை இல்லை, முகத்திலேயே தெரிந்தது. என் மாமியார் என் அம்மாவின் பக்கம் திரும்பவே இல்லை. ஒரே பெஞ்சில் இரண்டு முனையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நான்.

மூன்றாம் நாள் காலை நாடி நூற்றுக்கு இறங்கியது. அவள் கண்ணைத் திறந்து, "ஏங்க" என்றாள். நான் வராந்தாவுக்கு ஓடிப்போய் அழுதேன்.

அவளுக்கு அந்தக் கடைசி நாட்களின் நினைவு எதுவுமே இல்லை. என்னை டேய் என்று கூப்பிட்டதும் நினைவில்லை, காலில் விழுந்து குறி கேட்டதும் நினைவில்லை. அதற்கு முந்தையது மட்டும் இருந்தது. நான் மாத்திரை வாங்கி லாக்கரில் வைத்திருந்தேன், என் அம்மா கொடுக்கக் கூடாது என்றாள். மிச்சத்தை அவள் அம்மா சொல்லிவிட்டார். அவளுக்குத் தெரிந்த கதை அதுதான். ஆறு மாதம் கழித்துக் கழுத்தில் ஆபரேஷன் செய்து தைராய்டை எடுத்துவிட்டார்கள். அன்றுமுதல் இன்றுவரை, தினமும் காலையில் வெறும் வயிற்றில் வேறொரு மாத்திரை.

அதற்குப் பின் அம்மா ஒன்பது வருஷம் இருந்தாள். அந்த ஒன்பது வருஷமும் என் மனைவி மருந்து டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைத் தாலிச் சரட்டில் மாட்டிக்கொண்டிருந்தாள். மாமியாரிடம் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசியதில்லை. மரியாதையைத் தவிர வேறு எதையும் கொடுக்கவுமில்லை. அம்மா தலைவலி என்று படுத்தால் எட்டி நின்று, "மாத்திரை வேணுமா, இல்ல வேப்பிலை வேணுமா?" என்று கேட்பாள். அம்மா சிரித்துக்கொள்வாள்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் அம்மாவிடம் கேட்டேன். அவள் பம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். "ஏம்மா, அன்னிக்கு ஆஸ்பத்திரியில உண்மையைச் சொல்லியிருக்கலாமே."

அம்மா அடிப்பதை நிறுத்தவில்லை. "அவ உன்கூடத்தாண்டா வாழணும். எங்கூட இல்ல" என்றாள். குடம் நிறைந்ததும் இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். 

இப்போது இந்த மாத்திரை எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. நான் பழக்கத்தை விடவில்லை. தீர்வதற்குப் பத்து நாள் முன்னாலேயே தாம்பரம் போய் வாங்கி வந்துவிடுவேன். யாராவது சொந்தக்காரர் வந்தால் என் மனைவி அதைப் பெருமையாகச் சொல்வாள். "அவரைச் சொல்லக் கூடாது. எனக்கு மாத்திரை வாங்க ஒரு நாள்கூட மறந்ததில்ல. எங்க மாமியார்தான் என்னைச் சாவடிக்கப் பார்த்தாங்க."

அவள் அப்படிச் சொல்லும்போது நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பேன். சுவரில் மாலை போட்ட அம்மாவின் படம். நான் காபியைக் குடித்து முடிப்பேன்.